கடைசி இரண்டு வரியிலிருந்து தொடங்குகிறேன், டீச்சர்

கேள்வி: நான் பள்ளி ஆசிரியை. எங்கள் சபையில் பதினோரு வருடமாக ஓய்வுநாள் பள்ளி (சண்டே ஸ்கூல்) பொறுப்பில் இருக்கிறேன். மே மாதம் பத்து நாள் விபிஎஸ் (விடுமுறை வேதாகமப் பள்ளி), 180 பிள்ளைகள் வரை வருவார்கள், உதவிக்கு முப்பது வாலண்டியர்கள். அதற்கு அடுத்த வாரம் வாலிபப் பிள்ளைகளுக்கு மூன்று நாள் கேம்ப். பிள்ளைகள் பாதுகாப்புக்கு ஒரு ஒழுங்கு எழுதி வைப்போம் என்று கமிட்டியில் சொன்னேன், "நம்ம சபையில அப்படி யாரு இருக்கா" என்று சிரித்துவிட்டார்கள். என் மனதை உறுத்துவது பாட்டு நடத்தும் ஒரு தம்பி. 29 வயது, எல்லாருக்கும் செல்லம். பையன்களைத் தனித்தனியாகப் பைக்கில் வீட்டில் கொண்டு விடுவார், போனுக்கு ரீசார்ஜ் போட்டுக் கொடுப்பார், ராத்திரி 11 மணிக்கு மேலும் வாட்ஸப்பில் பேசிக்கொண்டிருப்பார். தப்பாக எதையும் நான் கண்ணால் பார்த்ததில்லை. எங்கள் குருவானவர் ஐயாவிடம் சொன்னதற்கு, ஜெபம் பண்ணுங்க, சபைக்குள் பிரிவினை வேண்டாம் என்றார். ஆதாரம் இல்லாமல் ஒருவரைச் சந்தேகப்படுவது பாவமா? என்னென்ன ஒழுங்கு வைக்க வேண்டும், கமிட்டி ஏற்காவிட்டால் என்ன செய்வது? பி.கு.: முன்பு அந்தத் தம்பியோடு எப்போதும் சுற்றிய 14 வயதுப் பையன் ஒருவன் மூன்று மாதமாகக் கோயிலுக்கு வருவதில்லை. கோயில் என்றாலே அழுகிறான், ஏன் என்று சொல்ல மாட்டேன் என்கிறான் என்று அவன் அம்மா சொன்னார்.

(கடிதம் நீளமானது, சுருக்கியிருக்கிறேன். ஊரும் வேறு சில விவரங்களும் மாற்றப்பட்டிருக்கின்றன.)

பதில்:

டீச்சர், நான்கு பக்கக் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது பி.கு. போட்டு எழுதியிருந்த கடைசி இரண்டு வரியைத்தான். அதைக் கடைசியில் தள்ளியது ஏன் என்று புரிகிறது, எழுதவே கை வந்திருக்காது. ஆனால் நான் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும், விபிஎஸ் ஒழுங்கெல்லாம் அப்புறம்.

14 வயதுப் பையன். ஒரு ஆளோடு ஒட்டிக்கொண்டே திரிந்தவன் திடீரென்று வருவதை நிறுத்துகிறான், அந்த இடத்தின் பெயரைக் கேட்டாலே அழுகிறான். வேறு காரணமும் இருக்கலாம். கூடப் படிக்கிற பையன்கள் கேலி செய்திருக்கலாம், குரல் உடைந்துவிட்டதென்று பாட்டுக் குழுவில் பின்வரிசைக்குத் தள்ளியிருக்கலாம், அந்த வயதில் அதுவே பெரிய அவமானம். இருக்கலாம், எனக்கும் அதுவாகவே இருக்க வேண்டும் என்றுதான் ஆசை. ஆனால் மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவில் மூன்று வருடம் உட்கார்ந்த பிறகு, நேற்றுவரை பிடித்திருந்த ஓர் இடத்தை ஒரு பிள்ளை காரணம் சொல்லாமல் வெறுக்கிறது என்றால் அதை லேசாக எடுத்துக்கொள்ள என்னால் முடிவதில்லை.

அதனால் முதல் வேலை அந்த அம்மாவை இந்த வாரமே நேரில் பார்ப்பது. தனியாகப் போங்கள், கூட யாரையும் கூட்டிப் போக வேண்டாம், பாஸ்டரம்மாவைக்கூட. நீங்கள் கவனித்ததை மட்டும் சொல்லுங்கள்: இன்ன காலத்தில் இவரோடு பைக்கில் போவான், இரவில் மெசேஜ் வரும் என்று மற்றப் பிள்ளைகள் சொன்னார்கள், இப்போது வருவதில்லை, எனக்குக் கவலையாக இருக்கிறது. அவ்வளவுதான். "அவர் தப்பு பண்ணியிருப்பார்" என்ற முடிவை நீங்கள் எடுத்துக்கொண்டு போய் அந்த அம்மா கையில் கொடுக்காதீர்கள். பையனை உட்கார வைத்துக் குறுக்கு விசாரணை செய்யக் கூடாது என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். "அந்த அண்ணன் உன்னை எங்கயாவது தொட்டாரா?" என்று நாம் கேள்விக்குள்ளேயே பதிலை வைத்துக் கேட்டால், பையன் ஆமாம் என்றாலும் இல்லை என்றாலும் பின்னால் கோர்ட்டில் அது சிக்கலாகிவிடும், அதைவிட முக்கியம், அவன் வாயைப் பூட்டிக்கொள்வான். "எப்ப வேணும்னாலும் சொல்லு, நானும் திட்ட மாட்டேன், அப்பாவும் திட்ட மாட்டாங்க" என்று அம்மா ஒருமுறை சொல்லிவிட்டுச் சமையலைப் பார்க்கலாம். பையன்கள் அநேகமாக முகத்துக்கு நேரே சொல்வதில்லை, நாம் வேறு வேலையில் இருக்கும்போதுதான் எதையாவது போட்டு உடைப்பார்கள். அவன் போனில் இருக்கும் எதையும் அழிக்க வேண்டாம் என்றும் சொல்லி வையுங்கள், கோபத்தில் நம் ஆட்கள் முதலில் செய்வது அதைத்தான்.

அடுத்து 1098, குழந்தைகளுக்கான உதவி எண். 24 மணி நேரமும் இலவசமாகப் பேசலாம். நீங்களும் பேசலாம், அந்த அம்மாவும் பேசலாம். இதற்குப் போய் போன் பண்ணலாமா, நிச்சயமாகத் தெரியாதே என்று தயங்குவீர்கள், எனக்குத் தெரியும். 2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் இருக்கும் போக்சோ (பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும்) சட்டத்தின் 19-ஆம் பிரிவு, குற்றம் நடந்தது தெரிந்தால் மட்டும் சொல் என்று சொல்லவில்லை, நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலே சொல் என்கிறது, டாக்டர், வாத்தியார், குருவானவர் என்று பிரிக்காமல் "எந்த நபரும்" என்று எல்லார் தலையிலும் அந்தக் கடமையை வைக்கிறது. ஆதாரம் சேர்ப்பது உங்கள் வேலை இல்லை. நல்லெண்ணத்தோடு தகவல் சொன்னவர் மேல் வழக்குப் போட முடியாது என்பதும் அதே பிரிவில் இருக்கிறது. குற்றம் நடந்தது தெரிந்தும் சொல்லாமல் மறைத்தால் 21-ஆம் பிரிவில் 6 மாதம் வரை சிறை, ஒரு நிறுவனத்துக்குப் பொறுப்பானவர் தனக்குக் கீழே வேலை செய்பவர் செய்ததை மறைத்தால் 1 வருடம் வரை. "பிரிவினை வேண்டாம்" என்ற உங்கள் ஐயாவுக்கு இந்தக் கடைசி வாக்கியத்தை யாராவது ஒருநாள் சொல்லித்தான் ஆக வேண்டும்.

போலீஸ் என்றதும் குடும்பங்கள் பயப்படுவது ஸ்டேஷன் வாசலுக்குத்தான். பிள்ளையின் வாக்குமூலத்தை அவன் வீட்டிலோ அவன் விரும்பும் இடத்திலோதான் எடுக்க வேண்டும், முடிந்தவரை சப்-இன்ஸ்பெக்டர் தகுதிக்குக் குறையாத பெண் அதிகாரி, அதுவும் யூனிபார்ம் இல்லாமல். அப்பா அம்மாவோ பிள்ளை நம்பும் ஒருவரோ கூட இருக்கலாம், இரவில் எந்தக் காரணத்துக்காகவும் ஸ்டேஷனில் வைத்திருக்கக் கூடாது. எல்லா இடத்திலும் இது அப்படியே நடக்கிறது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். நடக்காத இடத்தில் கேட்டு வாங்க வேண்டும், சட்டத்தில் இருக்கிறது என்று தெரிந்தவர் கேட்டால் பெரும்பாலும் கிடைக்கிறது.

ஒருவேளை பையன் உங்களிடமே சொல்லிவிட்டால்? அல்லது நாளைக்கு விபிஎஸ்ஸில் வேறொரு பிள்ளை சொன்னால்? குறுக்கே பேசாமல் கேளுங்கள். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் செய்யாதீர்கள், அதைக் காப்பாற்ற உங்களால் முடியாது. "நீ சொன்னது நல்லது, இதில் உன் தப்பு ஒன்றும் இல்லை, உதவி செய்கிறவர்களிடம் நான் சொல்ல வேண்டியிருக்கும்" என்று நேராகச் சொல்லிவிடுங்கள். அவன் சொன்ன வார்த்தைகளை, நம்முடைய நாகரிகமான தமிழுக்கு மாற்றாமல், அவன் சொன்னபடியே தேதி, நேரம் போட்டு அன்றைக்கே எழுதி வையுங்கள். அப்புறம் தயவுசெய்து இதை ஜெப விண்ணப்பம் ஆக்காதீர்கள். நம் சபைகளில் ஒரு செய்தி பரவும் வேகம் உங்களுக்குத் தெரியாததல்ல: "ஒரு குடும்பத்துக்காக விசேஷமா ஜெபிச்சுக்குங்க, பேர் சொல்ல விரும்பல, நம்ம மூணாவது தெரு..." சாயங்காலத்துக்குள் பையன் பெயர், வகுப்பு, டியூஷன் போகும் இடம் வரைக்கும் எல்லாருக்கும் தெரிந்திருக்கும். பாதிக்கப்பட்ட பிள்ளையின் அடையாளம் வெளியே வரக் கூடாது என்று சட்டம் சொல்வது பத்திரிகைக்காரர்களை நினைத்து எழுதியதுதான், ஆனால் ஊருக்குள் ஒரு பிள்ளையின் மானத்தை வாங்குவது பத்திரிகை இல்லை, சபை வாட்ஸப் குரூப்.

சரி, உங்கள் முதல் கேள்வி. சந்தேகப்படுவது பாவமா?

அந்தத் தம்பியைப் பற்றி நீங்கள் எழுதியிருப்பதை மட்டும் வைத்து அவர் குற்றவாளி என்று நான் சொல்ல மாட்டேன், யாரும் சொல்லக் கூடாது. ரீசார்ஜ் போட்டுக் கொடுப்பது தாராள மனசாக இருக்கலாம், பெற்றோருக்கு அலைச்சல் வேண்டாமே என்று பைக்கில் கொண்டு விடுகிறவர்களும் இருக்கிறார்கள். சிக்கல் என்னவென்றால், பிள்ளைகளிடம் தப்பான எண்ணத்தோடு நெருங்குகிறவர் செய்வதும் அச்சாக இதையேதான். முதலில் குடும்பத்தின் நம்பிக்கை, அப்புறம் சின்னச் சின்னப் பரிசு, அப்புறம் "இது நமக்குள்ள இருக்கட்டும்" என்ற ரகசியம், அப்புறம் தனிமை. வெளியிலிருந்து பார்க்க நல்ல அண்ணனும் கெட்ட அண்ணனும் ஒரே மாதிரி தெரிவார்கள். நானும் ஆரம்பத்தில் முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று நம்பினவள்தான், இரண்டு மூன்று வழக்கிலேயே அந்த நம்பிக்கை போய்விட்டது. அதனால் ஆளை எடை போடும் வேலையை விட்டுவிடுங்கள். யாராக இருந்தாலும், சபையை நடத்தும் சேகரகுருவோ, அவர் மகனோ, 20 வருடமாக மணி அடிக்கிற கோயில்குட்டியாரோ, நீங்களோ, ஒரு பிள்ளையோடு யாரும் பார்க்காத இடத்தில் தனியாக இருக்க வழி இல்லாதபடி ஏற்பாட்டை மாற்றுங்கள். நல்லவருக்கு அதனால் ஒரு நஷ்டமும் இல்லை, அவர் மேல் நாளைக்கு ஒரு வீண்பழி வராமலும் அது காக்கும். கமிட்டியில் இதைச் சொல்லும்போது அந்தத் தம்பியின் பெயர் உங்கள் வாயில் வரவே கூடாது.

"நம்ம சபையில யாரு" என்று சிரித்தவர்களுக்கு ஒரு பழைய கணக்கு. மத்திய பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007-இல் வெளியிட்ட ஆய்வு, 13 மாநிலங்களில் 12,447 பிள்ளைகளிடம் பேசி எடுத்தது. ஏதோ ஒரு வகையான பாலியல் தொல்லைக்கு ஆளானோம் என்று சொன்னவர்கள் 53 சதவீதத்துக்கு மேல். அப்படிச் சொன்னவர்களில் பெண் பிள்ளைகளைவிட ஆண் பிள்ளைகள் கொஞ்சம் அதிகம். செய்தவர்களில் சுமார் பாதிப்பேர் பிள்ளைக்குத் தெரிந்தவர்கள், நம்பிக்கைக்குரிய இடத்தில் இருந்தவர்கள். நம் கேம்ப்புகளில் பெண் பிள்ளைகளுக்குத் தனி அறை, தாழ்ப்பாள், காவலுக்கு இரண்டு அக்காமார் என்று பார்த்துப் பார்த்துச் செய்வோம், பையன்களை மட்டும் "ஆம்பளப் பிள்ளைங்கதானே" என்று ஒரே ஹாலில் பாய் விரித்துப் பெரியவர்களோடு கலந்து படுக்க வைத்துவிடுவோம். இதை இனிமேல் செய்யாதீர்கள்.

இப்போது ஒழுங்குக்கு வருவோம். ஒரு பக்கத்தில் அடங்க வேண்டும், அடங்காவிட்டால் யாரும் படிக்க மாட்டார்கள்.

அடிப்படை ஒன்றுதான்: பிள்ளைகள் இருக்கும் எந்த அறையிலும் உறவுக்காரர் அல்லாத இரண்டு பெரியவர்கள். கணவன் மனைவி இரண்டு பேர் நின்றால் அதை ஒன்று என்று எண்ணுங்கள். 16, 17 வயது வாலண்டியர்களைப் பெரியவர் கணக்கில் சேர்க்காதீர்கள், 18 முடியாத யாரும் சட்டத்துக்குக் குழந்தைதான், அவர்களையும் நீங்கள்தான் காக்க வேண்டும். இத்தனைக்கும் ஆள் இல்லை என்பீர்கள். ஆள் இல்லையென்றால் இரண்டு வகுப்பை ஒன்றாகச் சேருங்கள், எட்டு வகுப்பு ஐந்தாகட்டும், ஆக்ஷன் சாங் கொஞ்சம் கூச்சலாகத்தான் இருக்கும், பரவாயில்லை. கதவு திறந்திருக்கட்டும். ஏசி அறை, மூடித்தான் ஆக வேண்டும் என்றால் கதவில் ஒரு கண்ணாடிச் சதுரம் போட தச்சர் எவ்வளவு கேட்டுவிடப் போகிறார்? பாட்டுச் சாமான் வைக்கும் அறை, மாடிப்படிக்குக் கீழே இருக்கும் ஸ்டோர், பழைய பாடகர் அறை, இதெல்லாம் விபிஎஸ் நாட்களில் பூட்டியிருக்க வேண்டும், சாவி ஒருவரிடம். நான் ஒரு கோயிலுக்குப் பயிற்சி கொடுக்கப் போனால் முதலில் ஆலயத்தைச் சுற்றி நடந்து கதவுகளைத்தான் எண்ணுவேன், வந்தவுடன் காபி குடிக்காமல் இந்த அம்மா எங்கே சுற்றுகிறார் என்று பார்ப்பார்கள்.

கழிவறைக்குச் சின்னப் பிள்ளைகளை ஒருவர் தனியாக ஒரு பிள்ளையை மட்டும் கூட்டிப் போகாமல், இடைவேளையில் கூட்டமாக அனுப்பி வெளியே இரண்டு பேர் நிற்கட்டும். வீட்டுக்குப் போகும்போது யார் வந்து அழைத்துப் போவார் என்பதை முதல் நாள் பதிவுத் தாளிலேயே பெற்றோர் எழுதித் தரட்டும், போன் நம்பர், சாப்பாட்டில் ஆகாதது, வீசிங், வலிப்பு இருந்தால் அதுவும். எழுதாத ஆள் வந்து நின்றால் மாமாவே ஆனாலும் அம்மாவுக்கு ஒரு போன்.

பைக். இதில் வளைந்து கொடுக்காதீர்கள். சபை நிகழ்ச்சிக்கு வரும் பிள்ளையை எந்த ஊழியரும், எந்த வாலண்டியரும் தனியாக வண்டியில் ஏற்றக் கூடாது. மழை, பஸ் போய்விட்டது, அப்பா வரவில்லை என்று காரணம் வரும், வந்துகொண்டே இருக்கும். அப்படியானால் அப்பா வரும்வரை இரண்டு பெரியவர்கள் ஆலய வாசலில் பிள்ளையோடு காத்திருக்க வேண்டும். அந்த இரண்டு பேர் யார் என்று தினமும் காலையிலேயே பெயர் எழுதி ஒட்டிவிடுங்கள், இல்லையென்றால் எல்லாரும் நழுவி, கடைசியில் யாரிடம் பைக் இருக்கிறதோ அவர்தான் மிஞ்சுவார்.

போனைப் பொறுத்தவரை, பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியதைப் பெற்றோர் இருக்கும் குரூப்பில் சொல்லுங்கள். பெரிய பிள்ளைகளுக்குத் தனி குரூப் வேண்டுமென்றால் அதில் குறைந்தது இரண்டு பொறுப்பாளர்கள் இருக்கட்டும். ஒரு பிள்ளைக்குத் தனி மெசேஜ் கிடையாது, இன்ஸ்டாகிராமிலும் கிடையாது, இரவு 8-க்கு மேல் எதுவுமே கிடையாது, தானாக மறையும் மெசேஜ் வசதியை யாரும் போடக் கூடாது. "மனசு விட்டுப் பேசணும்னு பிள்ளைங்க கேட்டா?" என்று வாலிபர் ஐக்கியத்தில் கட்டாயம் கேட்பார்கள். பேசட்டும், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வேப்ப மரத்தடியில், நாலு பேர் பார்க்கிற தூரத்தில், காதில் விழாத இடத்தில். பாலியல் எண்ணத்தோடு ஒரு பிள்ளையைத் திரும்பத் திரும்பப் போனில் தொடர்புகொள்வதே போக்சோவில் குற்றம், தொட வேண்டும் என்றில்லை என்பதையும் அங்கே சொல்லி வையுங்கள்.

வாலிபர் ஐக்கியம் என்றதும் இன்னொன்று. நம் சபைகளில் 15 வயதுப் பிள்ளையும் 30 வயது ஆளும் "வாலிபர்" என்ற ஒரே பெயருக்குள் இருக்கிறார்கள். ஒரே குரூப், ஒரே கேம்ப், ஒரே வேன். 17 வயதுப் பெண் விரும்பித்தான் பேசினாள், கல்யாணம் பண்ணிக்கொள்ளத்தான் போகிறோம் என்று பின்னால் சொல்வார்கள், 18-க்குக் கீழே விருப்பம் என்பது சட்டத்தில் செல்லாது. ஐக்கியத்தை 18-இல் வெட்டி இரண்டாக்குங்கள். இதற்குத்தான் உங்கள் கமிட்டியில் எதிர்ப்பு அதிகம் வரும் என்று நினைக்கிறேன், ஆள் எண்ணிக்கை குறைந்தால் விழாவில் நாடகம் போட ஆள் இருக்காதே.

கேம்ப்புக்கு இடம் பார்க்கப் போகும்போது சாப்பாட்டையும் வாடகையையும் மட்டும் பார்க்காதீர்கள். பெரியவர்கள் படுக்கும் அறையும் பிள்ளைகள் படுக்கும் அறையும் வேறாக இருக்குமா, குளியலறைத் தாழ்ப்பாள் விழுகிறதா, இரவில் இரண்டு இரண்டு பேராக முறை போட்டு வராந்தாவில் விழித்திருக்க ஆள் உண்டா. அப்புறம், தண்ணீர். அருவி, ஆறு, தடுப்பணை, கிணறு பக்கத்தில் இருந்தால், அங்கே குளிக்க விடப் போவதில்லை என்று புறப்படும் முன்பே பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் சொல்லிவிடுங்கள். ஒவ்வொரு வருடமும் சுற்றுலா, கேம்ப் என்று போய் மூழ்கி இறக்கும் பிள்ளைகளில் பலர் முழங்கால் தண்ணீர்தானே என்று நினைத்து இறங்கியவர்கள்தான். நீச்சல் தெரிந்த ஒரு அண்ணன் கூட இருக்கிறார் என்பது ஏற்பாடு ஆகாது.

கிறிஸ்மஸ் கேரல் ரவுண்ட்ஸை நீங்கள் எழுதவில்லை, நானாகச் சேர்க்கிறேன். டிசம்பரில் இரவில் கிளம்பி விடியற்காலை நாலு மணி வரை டெம்போவில் வீடு வீடாகப் போய், பிறகு பையன்கள் கோயில் வராந்தாவிலேயே சுருண்டு படுத்துவிடுவார்கள். அந்த ஒரு மாதம் எந்தப் பிள்ளை எங்கே இருந்தான் என்று யாருக்குமே தெரியாது. 18-க்குக் கீழே உள்ளவர்கள் பத்து மணி வரை, அதுவும் அம்மாவோ அப்பாவோ கூட வந்தால், என்று வைத்துவிட்டால் கேரல் ஒன்றும் குறைந்துபோகாது.

ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாட வசனம் சொல்லாத பிள்ளையின் தலையில் குட்டுவது, முட்டி போட வைப்பது, இதெல்லாம் நிறுத்த வேண்டியது. காரணம் விளக்க இடம் இல்லை, உங்களுக்கே தெரியும்.

வாலண்டியர் சேர்ப்பது. புதிதாக வந்தவர் குறைந்தது ஆறு மாதம் சபையில் இருந்த பிறகே பிள்ளைகள் வேலைக்கு. ஒரு தாளில் பெயர், முகவரி, முன்பு எந்தச் சபை, அங்கே இரண்டு பேர் பெயர். வாங்கி வைத்தால் போதாது, போன் போட்டுக் கேட்க வேண்டும், "இவரை உங்கள் பிள்ளைகளோடு விடுவீர்களா?" என்ற ஒரு கேள்வி போதும், பதிலைவிடப் பதிலுக்கு முந்தைய மௌனம் நிறையச் சொல்லும். பிரச்சினை வந்த ஆளைச் சத்தமில்லாமல் வேறு இடத்துக்கு மாற்றிவிடுவது எல்லாச் சபைப் பிரிவுக்கும் பழகிய வழி. அமெரிக்காவின் மின்னசோட்டாவில் பணியாற்றிய, ஊட்டி மறைமாவட்டத்தைச் சேர்ந்த குரு ஒருவர் அங்கே ஒரு சிறுமியிடம் அத்துமீறியதை 2015-இல் கோர்ட்டில் ஒப்புக்கொண்டு தண்டனை முடித்துத் திரும்பினார், 2016-இல் அவர் மேலிருந்த இடைநீக்கம் நீக்கப்பட்டது. உலகச் செய்தியாகவே ஆனது அது. அப்படியிருக்க, ஒரு சேகரத்திலிருந்து பக்கத்துச் சேகரத்துக்கு மாறிப் போனவரைப் பற்றி யார் வந்து உங்களிடம் சொல்லப் போகிறார்கள்? 2020-இன் போக்சோ விதிகள், பிள்ளைகளோடு தொடர்ந்து பழகும் நிறுவனங்கள் தங்கள் ஊழியர்களுக்குக் குறிப்பிட்ட கால இடைவெளியில் போலீஸ் சரிபார்ப்பு செய்ய வேண்டும் என்கின்றன. சம்பளம் வாங்கும் ஊழியர்களைத்தானே சொல்கிறது, நம்மவர்கள் வாலண்டியர்கள்தானே என்று யாராவது வக்கீல் பாயிண்ட் எடுப்பார்கள். பாயிண்ட் சரியாகவே இருக்கட்டும், தமிழ்நாடு போலீசின் இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம், செய்துவிடுங்கள். அதில் ஒன்றும் இல்லை என்று வந்தால் ஆள் நல்லவர் என்று அர்த்தம் இல்லை, இதுவரை பிடிபடவில்லை என்று மட்டும் அர்த்தம், அதனால்தான் கதவையும் பைக்கையும் பற்றி இத்தனை நேரம் பேசினேன்.

ஐயாவைப் பற்றி. அவரை எதிரியாக்கிக்கொள்ளாதீர்கள், பயந்து போயிருக்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பயந்த சேகரகுருமார் முதலில் எடுப்பது மத்தேயு 18: சகோதரன் குற்றம் செய்தால் தனியாகப் போய் அவனிடம் பேசு. அதே அதிகாரத்தில் அதற்கு ஒன்பது வசனம் முன்னால்தான் சிறியவர்களுக்கு இடறல் உண்டாக்குகிறவன் கழுத்தில் கட்டும் ஏந்திரக்கல் (மாவரைக்கும் பெரிய கல்) வருகிறது, அதை மரியாதையாக ஞாபகப்படுத்துங்கள். அடுத்தது, சபை வழக்கைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோகலாமா என்பார்கள். இரண்டு விசுவாசிகளுக்குள் வரும் வாய்க்கால் வரப்புத் தகராறுக்கு வேதத்தில் சொன்னதைப் பிள்ளைக்கு எதிரான குற்றத்துக்கு இழுக்க முடியாது. மூன்று பெரியவர்கள் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்க வைத்து, காலில் விழ வைத்து, ஜெபித்து முடித்து வைக்கும் வழக்கம் எனக்கு நன்றாகத் தெரியும், போக்சோ குற்றத்தில் அப்படிச் சமாதானம் பேசி முடிக்க யாருக்கும் அதிகாரம் இல்லை. மத நிறுவனத்தின் நிர்வாகத்திலோ பணியிலோ இருப்பவர் அந்த நிறுவனத்தில் உள்ள பிள்ளையிடம் செய்தால் சட்டம் அதைக் கடுமையான வகையில் சேர்க்கிறது, உடலுறவு இல்லாத அத்துமீறலுக்கே குறைந்தது 5 வருடம்.

மூடி மறைத்தால் சபை தப்பிக்கும் என்று நினைப்பவர்களுக்கு, கேரளத்தில் கண்ணூர் மாவட்டம் கொட்டியூரில் நடந்ததைச் சொல்லுங்கள். 2017-இல் வெளிவந்த வழக்கு, பங்குக் குரு ஒருவர் ஒரு சிறுமியைப் பாலியல் வன்கொடுமை செய்தது. பெண்ணின் அப்பாவே நான்தான் செய்தேன் என்று முதலில் பழியை ஏற்றுக்கொண்டார், விசாரணையில் பெண்ணும் பெற்றோரும் பிறழ்சாட்சியம் சொன்னார்கள். இத்தனைக்கும் பிறகு 2019 பிப்ரவரியில் தலச்சேரி போக்சோ கோர்ட் அந்தப் பங்குக் குருவுக்கு 20 வருடம் கொடுத்தது, டிஎன்ஏ பரிசோதனை இருந்தது. அந்த அப்பா அப்படிச் சொல்லும்படி ஆனதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆத்திரம் அடங்கவில்லை.

கமிட்டி ஒழுங்கை ஏற்காவிட்டால் என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். ஓய்வுநாள் பள்ளி உங்கள் பொறுப்பு, அதற்குள் கமிட்டியைக் கேட்காமலே வைக்கக்கூடியதைப் பாதிக்கு மேல் மேலே எழுதியிருக்கிறேன். இரண்டு பெரியவர், பூட்டிய ஸ்டோர், பதிவுத் தாள், பைக் கிடையாது, இந்த நான்கையும் வரும் ஞாயிறே தொடங்குங்கள், எல்லாருக்கும் ஒரே மாதிரி. யார் முணுமுணுக்கிறார்கள், யார் "நான் மட்டும்" என்று விலக்குக் கேட்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள், ஆனால் அதை வைத்தும் தீர்ப்பு எழுத வேண்டாம். கேம்ப் விஷயத்தில் கமிட்டி ஒத்துவராவிட்டால், இந்த வருடம் கேம்ப் நடத்த மாட்டேன் என்று சொல்லும் உரிமை உங்களுக்கு இருக்கிறது, பதினோரு வருடம் உழைத்தவர் சொன்னால் அதற்கு ஒரு எடை உண்டு. புகார் கொடுக்க வேண்டி வந்தால் மட்டும், விசாரணை முடியும்வரை சம்பந்தப்பட்டவர் பிள்ளைகள் பக்கமே வரக் கூடாது என்று எழுத்தில் கேளுங்கள். ஏன் எதற்கு என்று அவரிடம் நீங்கள் முன்கூட்டியே பேசிவிடாதீர்கள், எச்சரிக்கை கிடைத்தால் முதலில் போவது போனில் இருக்கும் மெசேஜ்கள்.

இந்தப் பதிலைப் பிரிண்ட் எடுத்துக் கமிட்டிக்குக் கொண்டுபோகலாம் என்று தோன்றினால் தாராளமாகக் கொண்டுபோங்கள், ஒழுங்கைப் பற்றிய பகுதியை மட்டும். பி.கு.வையும் அதற்கு நான் எழுதியதையும் கிழித்து எடுத்துவிடுங்கள். அந்தப் பையனைப் பற்றிய ஒரு வரிகூட அந்த மேசைக்குப் போகக் கூடாது.